பிள்ளையைப் பார்த்துப் பள்ளியை அளந்த அம்மையார்



அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று தெற்கே நீண்டு முள்ளிக்குளத்தைச் சேரும் கரையோரப் பாதையை உங்களுள் பலர் அறிவீர்கள். இக்கரையில் மட்டுமல்ல, மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் கூடும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ஒரு சொல்லை அடிக்கடி காண்கிறோம். மொன்ரிசோரி என்பதே அச்சொல். பிள்ளைக்கு மூன்று வயதானதும் மொன்ரிசோரியில் விட்டாயிற்றா என்று அயலவர் விசாரிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

பாலர் பள்ளிக்கு அது இன்னொரு பெயர் என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் அது ஒரு பெண்மணியின் பெயர். அவர் ஒரு வைத்தியர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தமது முதிய வயதிலே தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர். நம் இலங்கைக்கும் வந்து படிப்பித்துச் சென்றவர். அவருடைய வாழ்க்கையை அறிந்தால், நம் பிள்ளையை அனுப்பும் பள்ளி நல்லதா, அல்லதா என்று பார்க்க ஓர் அளவுகோலும், நல்லதல்லவென்று கண்டால் அதைத் திருத்த ஒரு வழியும் நமக்குக் கிடைக்கும்.

இந்தக் கரையின் பழைய தொழில் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வெளித்தோற்றத்தைக் கொண்டு எவரும் சிப்பிக்கு விலை சொல்வதில்லை. பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, திறந்து, உள்ளே கிடைத்த முத்தை மதிப்பிட்ட பின்னரே அரசாங்கம் முத்துக்குளிப்பை அறிவிக்கும். பள்ளியையும் அப்படித்தான் உள்ளே பார்த்து மதிப்பிட வேண்டும். இதை உலகுக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் மரியா மொன்ரிசோரி அம்மையார்.

வைத்தியரான பெண்

இத்தாலியின் அங்கோனா மாகாணத்தில் உள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி மரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ ஓர் அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே, பெண்கள் அதிகம் படியாத அக்காலத்தில் நூல்களை விரும்பிப் படித்தவர். மகளுக்கு ஐந்து வயதாயிருக்கையில் குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

பெண் பிள்ளை படித்தால் ஆசிரியையாகலாம் என்று தகப்பனார் எண்ணினார். மகளோ கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் விரும்பி, முடிவில் வைத்தியம் படிக்கத் துணிந்தார். தாயார் துணை நின்றார். பிரேதத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது தகாது என்று அந்நாளில் கருதினர். ஆகவே மற்ற மாணவர்கள் போனபின், மாலை வேளையிலே, அவர் தனியாக இருந்து அந்தப் பயிற்சியைச் செய்தார். 1896ஆம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் மனநோய் வைத்தியப் பிரிவில் பணி கிடைத்தது. அங்கே மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பெரியவர்களான நோயாளரோடு ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர். கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லாத வெறும் அறை. அந்தப் பிள்ளைகளுக்கு மருந்தை விட, கைக்கும் கண்ணுக்கும் வேலையே அதிகம் தேவை என்று மரியா கண்டார். அதே வழியில் முன்னர் உழைத்திருந்த இத்தார், செகேன் என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900ஆம் ஆண்டு உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஆசிரியரைப் பயிற்றும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பில் அவரும் இருந்தார்.

அவர் பயிற்றிய பிள்ளைகளுள் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்கான அரசாங்கப் பரீட்சையில் சித்தியடைந்தனர். எல்லோரும் அவரைப் புகழ்ந்தனர். அவருக்கோ அந்தப் புகழ்ச்சியினூடே ஒரு கவலை எழுந்தது. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு செய்யும்போது, நல்ல சுகமுள்ள பிள்ளைகள் அதே அளவில் நின்றுவிடுகிறார்களே, அவர்களை எது பிடித்து வைத்திருக்கிறது என்ற கவலை அது. பிள்ளையின் முன்னேற்றத்தைக் கொண்டு பள்ளியை நிறுக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கிற்று.

இந்த ஆண்டுகளில் அவர் வாழ்வில் ஒரு துயரமும் இருந்தது. 1898ஆம் ஆண்டு அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அக்காலத்துச் சமுதாயத்தின் கண்களுக்கு அஞ்சி, குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பம் வளர்த்தது. மற்றவர்களின் பிள்ளைகளுக்காக உழைத்த தாய், தம் பிள்ளையை இடையிடையே சென்று பார்த்துத் திரும்பும் நிலையில் இருந்தார். மகன் வாலிபப் பருவத்தை எட்டிய பின்னரே தாயோடு வந்து சேர்ந்தான். அதன்பின் தாயின் மரணம் வரை அவரை விட்டுப் பிரியாமல் துணையாயிருந்தவனும் அவனே.

மூவிராசாக்கள் திருநாளில் திறந்த வீடு

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்றொரு பகுதி உண்டு. கட்டி முடியாத வீடுகளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். ஒரு வீட்டு நிறுவனம் அவற்றைத் திருத்திக் கூலித் தொழிலாளரைக் குடியமர்த்தியது. தாய் தகப்பன் விடியற்காலையில் வேலைக்குப் போனபின், பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கெடுத்தனர். சுவரைக் காப்பாற்றுவதற்காகவே, பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆளைத் தேடினார் அந்நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தலாமோ. அவர் அழைத்தது மொன்ரிசோரி அம்மையாரை.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, மார்சி வீதி 58ஆம் இலக்க வீட்டில் ஓர் அறை திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். அழுத முகமும், பயந்த பார்வையும், சத்துக் குறைந்த உடம்புமாக வந்தனர். பணம் அதிகம் இல்லை. பள்ளிக்குரிய மேசை வாங்குகள் இல்லை. ஆசிரியையும் பயிற்சி பெற்றவரல்லர். வீட்டுக் காவலாளியின் மகளே ஆசிரியையானார். அவ்விடத்துக்குப் பிள்ளைகளின் வீடு என்று பெயர் வந்தது.

வாசகர்களே, அந்த வீட்டின் ஒழுங்குகளைக் கவனியுங்கள். இன்றைக்கும் நமக்குப் பயன்படுபவை அவை. அங்கே குடியிருந்த பெற்றோரிடம் கட்டணம் வாங்கவில்லை. அதற்கு ஈடாக, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடுப்போடு அனுப்ப வேண்டும். ஆசிரியைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையோடு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியை அதே கட்டடத்தில், அதே மக்களோடு வாழ வேண்டும். தாய்மார் எந்த நேரத்திலும் உள்ளே போய் என்ன நடக்கிறதென்று பார்க்கலாம். பிள்ளைகளின் நிறையும் உயரமும் ஒழுங்காக அளந்து பதியப்பட்டன.

பிழை எங்கே என்று பார்த்தவர்

அம்மையார் அந்த அறைக்கு வந்து, ஒரு வைத்தியர் நோயாளியைக் கவனிப்பதுபோலப் பிள்ளைகளைக் கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் அவ்வவற்றுக்குரிய உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். முடிந்ததும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார்கள். அவள் திரும்பவில்லை. அவள் இருந்த கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், நித்திரையால் எழுந்தவள்போல் மகிழ்ச்சியோடு நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிலைக்காது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சரியான வேலை கையில் கிடைத்தால் கவனம் நிலைக்கும் என்று அன்று தெரிந்தது.

இன்னொரு நாள் ஆசிரியை பிந்தி வந்தார். பொருட்கள் வைத்த அலுமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தாமாகவே தமக்கு வேண்டியதை எடுத்து வேலை செய்து கொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது களவாகத் தோன்றியது. அம்மையாருக்கோ, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, தமக்கு எது தேவை என்று பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகத் தோன்றியது. பிள்ளைகளைக் கண்டிப்பதற்குப் பதிலாக அலுமாரியையே மாற்றினார். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. பிள்ளை தூக்கக்கூடிய சிறு கதிரைகளும் மேசைகளும் வந்தன.

பரிசும் தண்டனையும் கூட அவ்வாறே சோதிக்கப்பட்டன. நன்றாக நடந்த பிள்ளைக்குப் பதக்கம், குழப்படி செய்த பிள்ளைக்கு நடுவிலே தனிக் கதிரை என்று ஆசிரியை வைத்திருந்தார். பதக்கம் அணிந்த பையன் வேலைக் கவனத்தில் அதைக் கீழே விழவிட்டான். தண்டனைக் கதிரையில் இருந்தவன் அதை எடுத்துக் கொடுக்க, தனக்கு அது வேண்டாமென்று விட்டு மற்றவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அதைத் தானே அணிந்துகொண்டு கதிரையில் இருந்தவன் சந்தோஷப்பட்டான். வேலையில் இன்பம் கண்ட பிள்ளைக்குப் பதக்கம் தேவையில்லை என்று கண்டு, அம்மையார் இரண்டையும் கைவிட்டார்.

அந்தத் தாய்மாரில் எழுத்தறியாதோர் பலர் இருந்தனர். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கும்படி அவர்களே வந்து கேட்டனர். அம்மையார் கொப்பியையும் பென்சிலையும் உடனே கொடுக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ விட்டார். அதற்கு முன்பே மாதக்கணக்காக வேறு வேலைகளால் பிள்ளைகளின் விரல்கள் பழகியிருந்தன. ஒரு நாள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சோக்குக் கட்டியை எடுத்துத் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

இவற்றிலெல்லாம் ஓர் ஒழுங்கைக் காண்கிறீர்கள் அல்லவா? ஏதோ ஒன்று சரியாக நடக்கவில்லையானால், பிள்ளையில் குறை என்று அவர் முடிவு செய்யவில்லை. பொருளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், ஆசிரியையின் நடத்தையைப் பார்த்தார், தமது சொந்த எண்ணத்தையும் பார்த்தார். பிழை எங்கே இருந்ததோ அங்கே திருத்தினார். அவருடைய மதிப்பீடு எப்போதும் திருத்தத்தில் போய் முடிந்தது.

பெயர் பரவியது, பெயருக்கு வந்த ஆபத்து

1909ஆம் ஆண்டு தம் முறையை விளக்கி அம்மையார் ஒரு நூல் எழுதினார். சில ஆண்டுகளில் அது பல மொழிகளில் வந்தது. 1913ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றபோது பெரும் வரவேற்புக் கிடைத்தது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறையை அமைத்தனர். வருகிறவர்கள் வெளியே வாங்குகளில் இருந்து பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தனர். தம் பள்ளியை அளக்க விரும்பியவர்களுக்கு மறைவின்றிக் காட்டிய துணிவு அது.

ஆனால் புகழோடு சிக்கலும் வந்தது. அவருடைய அனுமதியின்றியே பலர் அவர் பெயரில் பள்ளிகளைத் திறந்தனர். பொருட்களை வாங்கி அடுக்கினால் போதும் என்று எண்ணினர். அவரோ ஆசிரியரைப் பயிற்றும் உரிமையைத் தம் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார். அதனால் மனத்தாங்கல்கள் எழுந்தன. கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1914ஆம் ஆண்டு அவருடைய முறையைக் குறைகூறி ஒரு நூல் எழுதினார். விரைவில் அமெரிக்காவில் அந்த ஆர்வம் தணிந்து போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் எழுந்தது.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் அவர் பல ஆண்டுகள் பணி செய்தார். அங்கே சிறு பிள்ளைகளுக்கு ஞானப் போதகம் அளிப்பதிலும் தமது வழியைக் கையாண்டார். பிள்ளைகள் தாங்களே கோதுமையும் திராட்சையும் பயிரிட்டு, அவை திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் ஆவதைக் கண்டு கற்றனர். வாயால் ஒப்புவிப்பதற்கு முன் கையால் செய்து அறிவது அங்கும் முதலிடம் பெற்றது.

இத்தாலியில் முசோலினியின் அரசாங்கம் 1924ஆம் ஆண்டு முதல் அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அதை அவரும் ஏற்றுக் கொண்டார். பின்னாளில் இதற்காக அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் தாமாகச் சிந்திக்கும் பிள்ளையும் சர்வாதிகாரியும் நெடுநாள் ஒத்துப்போக முடியாது. 1934ஆம் ஆண்டளவில் உறவு முறிந்தது, இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜேர்மனியிலும் அதே கதி. 1936ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கிருந்தும் வெளியேறி, முடிவில் ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். அறுபத்தாறு வயதில் ஓர் அகதி.

தமிழ் மண்ணில்

1939ஆம் ஆண்டு, உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், மகன் மரியோவோடு ஆகாய விமானத்தில் இந்தியாவுக்கு வந்தார். சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அவரை அழைத்திருந்தார். சில மாதம் தங்கிப் போக வந்தவர். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்டோர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940ஆம் ஆண்டு யூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இருவரும் பிரித்தானியருக்கு எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அம்மையார் அடையாறு வளவை விட்டு வெளியேற முடியாதபடி வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு எழுபதாவது பிறந்த நாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகன் விடுதலை செய்யப்படுகிறார் என்பதே செய்தி. அதுவரை பொதுவிடங்களில் தத்துமகன், உறவினன் என்றெல்லாம் சொல்லப்பட்டு வந்தவரை, அந்தத் தந்தி மகன் என்றே குறித்தது.

போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, மலையின் செடி கொடிகளையே பாடமாக்கினார். அங்கே அவரோடு பணி செய்தவர்களுள் நம் நாட்டவரான லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944ஆம் ஆண்டு அம்மையார் இலங்கைக்கு வந்து கொழும்பில் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் நட்ட விதை இங்கே அழியவில்லை. கொழும்பில் நல்லாயன் சபைக் கன்னியர் அவருடைய பெயரால் ஆசிரியைகளுக்குப் பயிற்சி நிலையம் நடத்தி வந்திருக்கின்றனர்.

1946ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பியவர், 1947இல் மீண்டும் வந்து 1949 வரை இந்தியாவில் பணி செய்தார். பச்சைக் குழந்தையின் மனம் தன்னைச் சுற்றியுள்ளதை எப்படி உறிஞ்சிக் கொள்கிறது என்பதைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949ஆம் ஆண்டு அடையாறிலேதான் முதலில் அச்சானது. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, ஒல்லாந்தின் நோர்த்வெயிக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தோராவது வயதில் இறைவனடி சேர்ந்தார். எங்கே இறக்கிறேனோ அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்பது அவர் விருப்பம். ஆதலால் அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில், கடல் காற்று வீசும் இடத்தில், இளைப்பாறுகிறார். ஒரு காலத்தில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவரின் உருவத்தை, 1990ஆம் ஆண்டு முதல் யூரோ வரும்வரை இத்தாலி தனது ஆயிரம் லீரா நோட்டிலே அச்சிட்டு வைத்திருந்தது.

பலகை எவருக்கும் சொந்தம்

தம் முறையைப் பாதுகாக்க அம்மையார் 1929ஆம் ஆண்டு மகனோடு சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் பெயரை எவராலும் காவல் செய்ய முடியவில்லை. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு வணிகக் குறி பற்றிய வழக்கொன்றில், மொன்ரிசோரி என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது, எந்தச் சங்கமும் அதற்குத் தனியுரிமை கோர முடியாது என்று முடிவாயிற்று. ஆகவே பலகையில் அப்பெயர் இருப்பதால் உள்ளே அவர் வழி இருக்கிறதென்று கொள்ள முடியாது.

இந்த வேறுபாடு பிள்ளைகளைப் பாதிக்கிறதா என்று அமெரிக்க ஆய்வாளர் ஆஞ்சலின் லில்லார்ட் ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்மையாரின் முறையைக் கலப்பின்றிப் பின்பற்றிய வகுப்புகள், பெயரை வைத்துக்கொண்டு வேறு விளையாட்டுப் பொருட்களையும் பயிற்சித் தாள்களையும் கலந்த வகுப்புகள், சாதாரண வகுப்புகள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார். ஒரு கல்வியாண்டில் தன்னடக்கம், வாசிப்பு, கணக்கு முதலியவற்றில் கூடிய முன்னேற்றம் கண்டவர்கள் முதல் வகையினரே. பெயர் ஒன்றுதான், பலன் வேறு.

சிறுவர் பள்ளிகளை அளப்பதற்கு அம்மையாரின் காலத்துக்குப் பின் வேறு கருவிகளும் வந்தன. 1980ஆம் ஆண்டு வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெல்மா ஹாம்ஸ், ரிச்சட் கிளிஃபட் ஆகிய இருவரும் ஓர் அளவைப் பட்டியலை வெளியிட்டனர். மதிப்பிடுபவர் வகுப்பறையில் மணிக்கணக்காக இருந்து கவனித்து, 37 விடயங்களுக்கு ஒவ்வொன்றாக ஒன்று முதல் ஏழு வரை புள்ளி இடுவார். கை கழுவுவது எப்படி, பொருட்கள் பிள்ளைக்கு எட்டுகின்றனவா, ஆசிரியை எவ்வாறு பேசுகிறார் என்பன போன்றவை அவற்றுள் அடங்கும். 1998ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலம் சிறுவர் நிலையங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. நட்சத்திரம் கூடிய நிலையத்துக்கு அரசாங்கக் கொடுப்பனவும் கூடியது. அளப்பதோடு நில்லாமல், உயர்வதற்குக் கையும் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

முள்ளிக்குளத்தின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் போரின் காரணமாக முள்ளிக்குளம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஊர் நிலத்தில் கடற்படை முகாம் அமைந்தது. போர் முடிந்தபின்னும் மக்கள் மலங்காட்டில் மர நிழல்களில் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். 2017ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாய்மாரும் பிள்ளைகளும் வீதியோரத்தில் இருந்து தொடர்ந்து போராடினர். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படும் என்று கடற்படை அறிவித்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2007இல் மூன்று வயதாயிருந்த பிள்ளைக்கு, அந்த அறிவிப்பு வந்த நாளில் பதின்மூன்று வயது. நிலம் பின்னொரு நாள் திரும்பி வரலாம். மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்குத் திரும்பி வரமாட்டா. முழுமனித வாழ்வுக்கும் அத்திவாரம் இடப்படும் காலம் அதுவென்று அம்மையார் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். இன்று இக்கரையில் மூன்று வயதாயிருக்கும் பிள்ளையின் காலத்தையாவது நாம் வீணாக்காதிருக்க வேண்டும்.

பணம் இல்லையே என்று சொல்வோம். சான் லொரென்சோவிலும் பணம் இருக்கவில்லை. கடற்கரையில் சிப்பியும் சோகியும் கிடக்கின்றன. நிறம் பிரிக்கவும், பெரிது சிறிது அடுக்கவும், எண்ணவும் அவற்றை விடச் சிறந்த பொருள் எங்கே கிடைக்கும்? கரைவலையில் மீன் தெரியும் தாயின் பக்கத்தில் இருந்து இனம் பிரிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சுத்தமான தண்ணீர், கை கழுவச் சவர்க்காரம், பாதுகாப்பான மலகூடம், உயரம் குறைந்த ஒரு தட்டு, பிள்ளைகளை அறிந்த ஓர் ஆசிரியை, இவை முதலில் வேண்டும்.

ஆகவே பெற்றோரே, ஒரு நாள் காலையில் உங்கள் பிள்ளையின் முன்பள்ளிக்குப் போய் ஒரு மூலையில் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். பிள்ளைகளின் கையில் வேலை இருக்கிறதா, அல்லது கைகட்டி இருந்து ஆசிரியை சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார்களா? ஒரு வேலையில் மூழ்கிய பிள்ளையை முடிக்க விடுகிறார்களா? பொருட்கள் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, கையெட்டும் இடத்தில் இருக்கின்றனவா? பிழை விட்ட பிள்ளைக்கு அடியும் ஏளனமும் கிடைக்கின்றனவா, வழி காட்டப்படுகிறதா? ஆசிரியை பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுகிறாரா? காலையில் அழுது வந்த பிள்ளை மத்தியானம் எப்படி வீடு திரும்புகிறது? கொப்பியில் எத்தனை பக்கம் எழுதினான் என்று பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

குறை கண்டால் சந்தியில் நின்று பேசி ஆசிரியையை அவமானப்படுத்த வேண்டாம். முன்பள்ளிகளின் மேற்பார்வை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகளின் பொறுப்பு. ஆனால் அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்குக் கிடைக்கும் சம்பளமும் ஓய்வூதியமும் முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதில்லை. சிறு கொடுப்பனவோடு நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் அந்தப் பணியைச் செய்கிறார்கள். அவர்களுடைய பயிற்சிக்கு உதவுங்கள். மாதக் கட்டணத்தை நேரத்துக்குக் கொடுங்கள். தட்டு அடிக்கத் தெரிந்த தகப்பன் ஒரு நாள் வந்து அடித்துக் கொடுக்கட்டும். தண்ணீர்த் தொட்டி இல்லையானால் பங்குச் சபையிலும் பிரதேச சபையிலும் கேளுங்கள். பெற்றோர் வாரம் ஒரு முறை ஆசிரியையைச் சந்திக்கும் சான் லொரென்சோ ஒழுங்கை நம் பள்ளிகளிலும் தொடங்குங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சுவரைக் காப்பாற்றத் திறந்த ஓர் அறையில் பிள்ளையைக் கண்டுபிடித்தார் மொன்ரிசோரி அம்மையார். அவருடைய பெயரைத் தாங்கிய பலகைகள் நம் நாட்டில் ஏராளம் உண்டு. அடுத்த திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது, வாசலிலிருந்தே திரும்பிவிடாமல், ஆசிரியையிடம் கேட்டு உள்ளே சென்று சற்று நேரம் இருந்து பாருங்கள்.